குளத்துக்குக் கொண்டுவந்த வெல்லம்

அத்தியாயம் பதினேழு

"கடல் தண்ணிதானே டீச்சர் மேல போய் மழையா வருது? அப்ப மழை ஏன் டீச்சர் கரிக்க மாட்டேங்குது?"

நாலாம் வகுப்பில் கடைசி வரிசையில் உட்காரும் சின்னப்பொண்ணு இப்படிக் கேட்டது போன மாதம். பழவேற்காட்டிலிருந்து வந்து திருவள்ளூர்ச் சந்தையில் கருவாடு விற்கிறவளின் மகள் அவள். கேட்ட கேள்வியில் குற்றமில்லை. கேட்ட நேரம்தான் சரியில்லை. பயிற்சிக்காக அந்த வகுப்புக்குப் பாடம் நடத்தும் சம்பூர்ணம் அப்போது பாடத்தின் மூன்றாம் படியில் நின்றிருந்தாள். நாலாம் படிக்குப் போவதற்குள் மணி அடித்துவிடும். பின்னால் மேற்பார்வை டீச்சர் சிவப்புப் பென்சிலோடு உட்கார்ந்திருந்தார்.

"அத அப்புறம் சொல்றேன். உக்காரு."

சின்னப்பொண்ணு உட்கார்ந்தாள். அந்த 'அப்புறம்' இன்னும் வரவில்லை.

ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் பாடம் என்பது வாய்க்கு வந்தபடி சொல்லிக் கொடுப்பதல்ல. அதற்கு ஐந்து படிகள் உண்டு. ஜெர்மனி தேசத்தில் யாரோ ஒரு பெரியவர் வகுத்தது. முதல் படி ஆயத்தம். பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரிந்ததைக் கேள்வி கேட்டு வெளியே கொண்டுவர வேண்டும். அடுத்தது எடுத்துரைத்தல். அதற்குப் பிறகு ஒன்றோடு ஒன்றை ஒப்பிடுதல். நாலாவதாகப் பொது விதியைப் பிள்ளைகளே கண்டு சொல்ல வேண்டும். அந்த விதியை வேறோர் இடத்தில் பயன்படுத்திப் பார்ப்பது ஐந்தாம் படி. பிள்ளை தன் காலால் ஏற வேண்டும். டீச்சர் இடுப்பில் தூக்கிக்கொண்டு போய் மேலே இறக்கிவிடக் கூடாது.

சம்பூர்ணத்துக்கு இந்த முறை பிடித்திருந்தது. கோபுர வாசல், கொடிமரம் என்று ஒவ்வொன்றாகக் கடந்துதானே சந்நிதிக்குப் போகிறோம் என்று நினைத்துக்கொள்வாள்.

அவள் கும்மிடிப்பூண்டிப் பக்கத்து ஆரணியில் சொந்தக் கழனி வைத்திருக்கும் நாகமுத்துவின் இளைய மருமகள். ஒரு பெண் குழந்தைக்குத் தாயான பிறகு, 'பயிற்சிக்குப் போய் டீச்சராகிறேன்' என்று அவள் நின்றதும், அந்த வீட்டில் பல நாள் அடுப்பு முகம் கொடுத்து எரியாததும் வாசகர்களுக்கு நினைவிருக்கும். கடைசியில் மாமனார் இறங்கி வந்தார். முழுவதும் இறங்கவில்லை.

"ஒரே வாட்டிதான். பாஸ் பண்ணா டீச்சரு. பண்ணலன்னா வந்து நாத்து நடு. ரெண்டாம் வாட்டின்னு யாரும் எங்கிட்ட வந்து நிக்கக் கூடாது" என்று தீர்த்துவிட்டார்.

அந்த ஒரே வாட்டியும் மூத்த மருமகள் கனகாம்பாள் இல்லாவிட்டால் நடந்திருக்காது. பிள்ளையில்லாத அவள், சம்பூர்ணத்தின் குழந்தையைத் தன் குழந்தையாக எடுத்துக்கொண்டாள். குழந்தையோடு சம்பூர்ணத்தின் வேலைகளும் அவள் தலையில் வந்து விழுந்தன. ஓரகத்திகள் இருவர் செய்ததை ஒருத்தியே செய்தாள். நடவுச் சேற்றில் நின்று நின்று அவளுடைய முட்டி இரண்டும் வீங்கிப்போயின. உட்கார்ந்தால் எழுந்திருக்கக் கையை ஊன்ற வேண்டும். "இன்னாக்கா, வலிக்குதா?" என்று கேட்டால், "வயசாவுதுல்ல" என்பாள். வயது முப்பத்தைந்துதான்.

இன்றைக்கு அமாவாசை. இன்றைக்குத்தான் கமிஷனும். வெளியூரிலிருந்து வரும் தேர்வு அதிகாரி வகுப்பில் உட்கார்ந்து, சம்பூர்ணம் பாடம் நடத்துவதைப் பார்த்து மார்க் போடுகிற நாள்.

அவளுக்குக் கொடுத்திருந்த பாடம், நீர் ஆவியாதல்.

போன ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனபோது வீட்டின் பின்புறத்தில் அதை நடத்திப் பார்த்தாள். எதிரே வகுப்பாக உட்கார்ந்தது கனகாம்பாள் ஒருத்திதான். மடியில் குழந்தை, கையில் முறம்.

"கொடியில போட்ட ஈரத்துணியில இருந்த தண்ணி எங்க போச்சு?" என்று சம்பூர்ணம் கேட்டாள்.

"எங்க போவும்? நீ இப்பதான சொன்ன, ஆவியாயி பூடுச்சின்னு" என்றாள் கனகாம்பாள், முறத்தைத் தட்டிக்கொண்டே.

சம்பூர்ணம் சிரித்துவிட்டாள். "அக்கா, நீங்கதான் கிளாஸ்ல பஸ்ட்டு!"

விளையாட்டாகச் சொன்ன வார்த்தை. கனகாம்பாள் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

*

காலையில் முதல் பஸ்ஸில் கனகாம்பாள் வந்திறங்கினாள். கூட சம்பூர்ணத்தின் கணவன் செங்கல்வராயன். கும்மிடிப்பூண்டிப் பக்கம் புதிதாக வந்திருக்கும் ஒரு கம்பெனியில் ராத்திரி ஷிப்ட் முடித்து, முகத்தைக்கூடக் கழுவாமல் வந்திருந்தான்.

"கொயந்தய யாரு பாத்துக்கறாங்க?" என்றாள் சம்பூர்ணம்.

"மாமாதான். 'பரீட்சைக்கு நீ எதுக்குப் போற, நீயா எழுதப் போற?'ன்னு கேட்டாரு. 'பெருமாள் கொளத்துல வெல்லம் கரைக்கணும், முட்டி வலிக்கு வேண்டிக்கினு இருக்கேன்'னேன். சாமின்னா மனுசன் ஒண்ணும் பேச மாட்டாரு."

திருவள்ளூர் வீரராகவப் பெருமாளை வைத்தியப் பெருமாள் என்றுதான் சனங்கள் நம்புகிறார்கள். அமாவாசையன்று குளத்தில் வெல்லத்தைக் கரைத்தால், வெல்லம் கரைகிற மாதிரி உடம்பின் உபாதையும் கரையும். உப்பும் மிளகும் சேர்த்துப் போடுவதும் உண்டு. கனகாம்பாளின் மஞ்சள் பைக்குள் ஒரு முழு அச்சு வெல்லம் இருந்தது. உப்பு மிளகுப் பொட்டலத்தை எடுத்து சம்பூர்ணத்தின் கையில் வைத்து அழுத்தினாள்.

"இது பெருமாளுக்குன்னு எடுத்தாந்தது. நீ முந்தானையில முடிஞ்சிக்கினு போ. பாடம் முடிஞ்சி வந்து குடு. அது கூட இருந்தா உனக்குப் பேச்சு திக்காது."

சம்பூர்ணம் முடிந்துகொண்டு உள்ளே போனாள். திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால், பள்ளிக்கூட வாசலில் கனகாம்பாள் வெல்லத்தைக் கல்லால் உடைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்திருப்பாள்.

*

தேர்வு அதிகாரி பூவராகவன் குழந்தைகளின் பெஞ்சில், முட்டி மார்பைத் தொட, உட்கார்ந்திருந்தார். மூக்குக் கண்ணாடி. முகத்தில் கோபமுமில்லை, தயவுமில்லை. சம்பூர்ணத்தின் பாடக்குறிப்பு அவர் மடியில் விரிந்திருந்தது.

மேசைமேல் ஸ்பிரிட் விளக்கு, இரும்பு முக்காலி, அலுமினியக் குவளை, ஒரு பித்தளைத் தட்டு. எல்லாம் ஒழுங்காக இருந்தன. சம்பூர்ணம் முதல் படியில் காலை வைத்தாள்.

"பிள்ளைகளே, காலையில் உங்கள் அம்மா துணி துவைத்து..."

"ஆவியாயி பூடுச்சு டீச்சர்!"

வகுப்பு மொத்தமும் ஒரே குரலில் கத்தியது.

சம்பூர்ணம் "நான் இன்னும் கேக்கவே இல்லையே" என்று சிரித்துச் சமாளித்துவிட்டு, கரும்பலகையின் ஒரு மூலையை ஈரத்துணியால் துடைத்தாள். "இங்கே பாருங்கள். இந்த ஈரம்..."

"சூட்டால் நீர் ஆவியாகிறது டீச்சர்!" என்றான் வகுப்புத் தலைவன், எழுந்து நின்று, கையைக் கட்டிக்கொண்டு. அது பொது விதி. நாலாம் படி.

"அதனாலதான் ஈரத்துணி காயுது!" என்றான் பக்கத்திலிருந்தவன். அது ஐந்தாம் படி.

பாடம் முடிந்துவிட்டது. மணி அடிக்க இன்னும் அரை மணிக்கு மேல் இருந்தது. விளக்குகூட ஏற்றவில்லை.

சம்பூர்ணம் பிள்ளைகளின் முகங்களைப் பார்த்தாள். உதட்டோரங்களில் பழுப்பு நிறம். ஒருவன் விரலைச் சப்பிக்கொண்டிருந்தான். வகுப்பு முழுவதும் வெல்ல வாசனை. மஞ்சள் பை ஞாபகம் வந்தது. வீட்டின் பின்புறமும் முறமும் ஞாபகம் வந்தன. அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

பூவராகவன் பாடக்குறிப்பிலிருந்து தலையைத் தூக்கினார்.

"தெரிந்ததையே எதற்கம்மா நடத்துகிறீர்கள்? இவர்களுக்குத் தெரியாதது ஏதாவது உண்டா?"

ஏளனமாகச் சொன்னாரா, நிஜமாகவே கேட்டாரா என்று தெரியவில்லை. சம்பூர்ணத்தின் கை தானாக முந்தானை முடிச்சைத் தொட்டது. மாமனாரின் குரல் காதில் கேட்டது.

அப்போதுதான் கடைசி வரிசையைப் பார்த்தாள். சின்னப்பொண்ணு மட்டும் எதையும் சப்பவில்லை. கத்தவும் இல்லை. காலையில் அம்மாவோடு கூடை இறக்கிவிட்டுத் தாமதமாக ஓடி வந்தவள். வாசலில் நடந்த விநியோகம் அவளுக்குத் தெரியாது. மற்றவர்களுக்கு எப்படி இதெல்லாம் தெரிந்தது என்று திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்தாள்.

"சின்னப்பொண்ணு, எழுந்திரு. போன மாசம் என்னை ஒண்ணு கேட்டியே, அதை இப்போ கேளு."

சின்னப்பொண்ணு பயந்துபோனாள். "நான் ஒண்ணும் கேக்கல டீச்சர்."

"கேட்டே. நான்தான் அப்புறம்னு சொல்லிட்டேன். மழையைப் பத்தி."

சின்னப்பொண்ணு பின்னால் இருந்த அதிகாரியைப் பார்த்தாள், டீச்சரைப் பார்த்தாள். மெல்லக் கேட்டாள். "கடல் தண்ணி கரிக்குது. அதான் மேல போய் மழையா வருது. அப்ப மழை ஏன் கரிக்கல?"

வெல்லத்தோடு கிடைத்த பதில்களில் இதற்குப் பதில் இல்லை. தலைவன்கூடக் கையைத் தொங்கவிட்டுவிட்டான்.

சம்பூர்ணம் பாடக்குறிப்பை மறந்தாள். படிகளை மறக்கவில்லை. கீழேயிருந்து மறுபடி ஆரம்பித்தாள்.

"உங்க அம்மா விக்கிற கருவாட்டு மேல வெள்ளையா பூத்திருக்குமே, அது என்ன?"

"உப்பு டீச்சர்."

"மீனில் இருந்த தண்ணி?"

"வெயில்ல காஞ்சி பூடுச்சி."

"உப்பு?"

சின்னப்பொண்ணு யோசித்தாள். "அது போவல டீச்சர். அது அங்கியேதான் கீது."

"எங்க நைனா சொக்காயிலகூட முதுகாண்ட வெள்ளையா இருக்கும் டீச்சர்!" என்றான் மூட்டை தூக்குகிறவர் மகன் ஒருவன். "வேர்வை காஞ்சா!"

"சரி. பார்த்துவிடலாம்" என்று சம்பூர்ணம் விளக்கை ஏற்றினாள். குவளையில் கொஞ்சம் தண்ணீர் விட்டாள். முந்தானையை அவிழ்த்து, பெருமாளுக்கு என்று வந்த உப்பை அதில் கொட்டிக் கலக்கினாள். மிளகைப் பொறுக்க நேரமில்லை. இரண்டு மூன்று மிதந்தன.

"டீச்சரு ரசம் வைக்கிறாங்கடா!" என்றது ஒரு குரல். வகுப்பு சிரித்தது. சம்பூர்ணமும் சிரித்தாள். பூவராகவன் சிரிக்கவில்லை. ஆனால் நன்றாகப் பார்ப்பதற்காக பெஞ்சிலிருந்து எழுந்து நின்றார்.

தண்ணீர் கொதித்தது. ஆவி எழும்பியது. பித்தளைத் தட்டைக் குளிர்ந்த நீரில் நனைத்துத் துடைத்து, ஆவிக்கு மேலே சாய்த்துப் பிடித்தாள். தட்டின் அடியில் முத்து முத்தாகத் துளிகள் கோத்து நின்றன. தட்டைத் திருப்பி நீட்டினாள்.

"இதான் மழை. நாக்குல வச்சிப் பாரு."

சின்னப்பொண்ணு ஒரு துளியை விரலில் எடுத்து நாக்கில் வைத்தாள். கண்ணைச் சுருக்கினாள். பிறகு கண் விரிந்தது.

"சப்புனு கீது டீச்சர்!"

பிள்ளைகள் வரிசையை உடைத்துக்கொண்டு வந்து ஆளுக்கொரு துளி எடுத்தார்கள். அதற்குள் குவளையில் தண்ணீர் சுண்டி, அடியில் வெள்ளையாகப் படிந்திருந்தது. அதையும் ஆற வைத்துத் தொட்டுப் பார்த்தார்கள். "ஐயே, கரிக்குது!"

"இப்போ நீங்க சொல்லுங்க."

பொது விதியைச் சின்னப்பொண்ணுதான் சொன்னாள். "தண்ணி மட்டுந்தான் மேல போவுது. உப்பு கூட வரல, கீழயே தங்கிடுது. அதான் மழை கரிக்கல."

"அப்படின்னா, உப்பளத்துல உப்பு எப்படி வருது?"

"வெயிலு தண்ணிய எடுத்துக்கினு உப்ப நமக்கு வுட்டுட்டுப் போவுது டீச்சர்" என்றான் மூட்டைக்காரர் மகன்.

மணி அடித்தது.

*

பிள்ளைகள் போன பிறகு பூவராகவன் மேசைக்கு வந்தார்.

"இந்தப் பாடம் உங்கள் குறிப்பில் இல்லை."

"இல்லீங்க ஐயா."

"குறிப்பில் இருக்கிற பாடத்துக்குத்தான் மார்க் போட வேண்டும் என்பது விதி. தெரியுமா?"

"தெரியும் ஐயா."

"இன்னொன்று. ஆரம்பத்தில் பிள்ளைகள் கத்தினார்களே, அதை யார் சொல்லிக் கொடுத்தது? முன்கூட்டியே ஒத்திகை பார்த்திருந்தால், பாடத்தையே தள்ளுபடி செய்ய எனக்கு அதிகாரம் உண்டு."

ஜன்னல் வழியாக வாசலில் இருந்த புங்க மரம் தெரிந்தது. கனகாம்பாள் அதன் அடியில் காலை நீட்டி உட்கார்ந்து முட்டியை நீவிக்கொண்டிருந்தாள். 'அதோ, எங்கள் வீட்டுப் பெண்பிள்ளை. எழுத்து வாசனை இல்லாதவள். அறியாமல் செய்துவிட்டாள். எனக்கு ஒன்றும் தெரியாது' என்று சொன்னால் போதும். அவ்வளவும் உண்மைதான். ஆனால் அதிகாரி அவளைக் கூப்பிட்டு விசாரிப்பார். கைகட்டி நின்று, தான் செய்தது இன்னதென்று தெரிந்துகொண்டு, கனகாம்பாள் பஸ்ஸில் ஊர் போய்ச் சேர வேண்டும்.

"என்னால வந்த தப்புதாங்க ஐயா. வேற யாரையும் சொல்றதுக்கில்ல."

பூவராகவன் அவளைப் பார்த்தார். ஜன்னல் பக்கம் ஒரு தடவை பார்த்தார். பாடக்குறிப்பை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"இதை நான் தனியாக எழுதி அனுப்ப வேண்டியிருக்கும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். என்ன எழுதுவார், யாருக்கு எழுதுவார் என்று சொல்லவில்லை. கேட்கிற தைரியம் அவளுக்கும் இல்லை.

*

வெளியே வந்ததும் செங்கல்வராயன் அவளைத் தனியே இழுத்தான். முகம் கறுத்திருந்தது.

"அண்ணி இன்னா பண்ணாங்க தெரியுமா? 'வெல்லம் குடுத்த அக்கா'ன்னு பசங்க பேசிக்கினு போறானுங்க. இப்பதான் எனக்கு விசயமே புரிஞ்சுது. பெரிய பேஜாராயிடுச்சா?"

"எனக்குத் தெரியும். நீங்க வாயத் தொறக்காதீங்க."

"பாஸா இல்லியா? அத்தச் சொல்லு. ஊட்ல நைனா கேப்பாரு."

"தெரியலங்க. பேப்பர்ல ரிசல்ட் வந்தாத்தான் தெரியும். அதுவரைக்கும் அக்கா காதுல ஒரு வார்த்தை விழக் கூடாது. அப்புறமும் விழக் கூடாது."

செங்கல்வராயன் தலையைச் சொறிந்தான். பிறகு தலையை ஆட்டினான்.

கனகாம்பாள் மரத்தில் கையை ஊன்றி எழுந்து வந்தாள்.

"இன்னாமே, பசங்க கரீட்டா சொன்னாங்களா?"

"சொன்னாங்கக்கா. டக்கு டக்குனு சொன்னாங்க."

"எனக்குத் தெரியும்!" கனகாம்பாளின் முகம் மலர்ந்தது. "நான் ஒரு வேல பண்ணேன், சொன்னா திட்டக் கூடாது. பெருமாளுக்குக் கொண்டாந்த வெல்லத்தப் பசங்களுக்குப் பங்கு போட்டுட்டேன். டீச்சரு கேட்டா இன்னின்னா சொல்லணும்னு சொல்லிக் குடுத்தேன். நீதான சொன்ன, டக்குனு சொன்னா பஸ்ட்டுன்னு?"

"சொன்னேன்கா."

"பின்ன! பெருமாளுக்கு அடுத்த அமாவாசைக்குப் பாத்துக்கலாம். அவரு எங்க போய்டப் போறாரு. அந்த உப்பு எங்க?"

"பாடத்துல செலவாயிடுச்சுக்கா. நல்லா ஒதவிச்சு."

"பாத்தியா!" என்றாள் கனகாம்பாள் தன் மச்சினனைப் பார்த்து. "நான் சொல்லல?"

செங்கல்வராயன், "ஆமா அண்ணி" என்றான்.

தேரடிப் பக்கம் ஒரு ஓட்டலில் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தார்கள். இலை போட்டதும் சம்பூர்ணம் எழுந்தாள்.

"நீங்க ரெண்டு பேரும் சாப்பிடுங்க. கை கால் கழுவிக்கினு வர்றேன்."

"இங்கியே கொழா இருக்குதே" என்றாள் கனகாம்பாள்.

"சாமியையும் ஒரு தடவை கும்புட்டுட்டு வந்துடறேன்கா."

கோயிலை ஒட்டிய கடையில் ஒரு அச்சு வெல்லமும் ஒரு பொட்டலம் உப்பு மிளகும் வாங்கினாள். உச்சி வெயிலில் குளத்துப் படிகளில் கூட்டம் கலைந்திருந்தது. மீதியிருந்த ஓரிருவரும் அவரவர் வேண்டுதலில் இருந்தார்கள். கடைசிப் படிக்கு இறங்கி, தண்ணீரில் உப்பையும் மிளகையும் போட்டாள்.

யாருக்காகக் கரைக்கிறோமோ அவர்களின் பெயரும் நட்சத்திரமும் சொல்ல வேண்டும் என்பார்கள். கனகாம்பாளின் நட்சத்திரம் அவளுக்குத் தெரியவில்லை. இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் கேட்டதில்லை. வெட்கமாக இருந்தது.

"கனகாம்பாள். எங்க ஊட்டு மூத்த மருமக. ரெண்டு முட்டியும்" என்று மெல்லச் சொன்னாள். தன் பரீட்சையைப் பற்றி ஒன்றும் வேண்டிக்கொள்ளவில்லை. இன்றைய வெல்லம் அதற்கல்ல.

வெல்லத்தைத் தண்ணீருக்குள் அமிழ்த்திப் பிடித்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தாள். முதலில் முனைகள் மழுங்கின. பிறகு உள்ளங்கைக்குள் அடங்கியது. கடைசியில் விரல்களுக்கு நடுவே ஒன்றுமில்லாமல் போயிற்று. அவளுடைய முட்டியும் மரத்துப் போயிருந்தது. எழுந்திருக்கப் படியில் கையை ஊன்றினாள்.

நாலு படி ஏறியவள் நின்று, கையை முகர்ந்து பார்த்தாள். வெல்ல வாசனை.

அக்காவுக்குத் தெரியக் கூடாதென்று திரும்ப இறங்கிப் போய், அது போகும்வரை இரண்டு கைகளையும் தேய்த்துக் கழுவினாள். பிறகு ஓட்டலைப் பார்த்து நடந்தாள்.